ஸாமிரீயின் காளைக்கன்று: அன்றும் இன்றும்

(மக்ரிப் தொழுகைக்குப் பின் நடந்த தெருமுனைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் நிலவட்டுமாக!

வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கல்லூரி முடிந்து, வேலை முடிந்து நேராக இங்கு வந்து நிற்கும் இளைய சகோதரர்களே! உங்களிடம் ஒரு பழைய கதையைப் பேச வந்திருக்கிறேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸினாய் பாலைவனத்தில் நடந்த சம்பவம் அது. இறைவன் அதைத் தன் திருமறையில் ஒரு முறை சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அல்பகரா, அன்னிஸா, அல்அஃராஃப், தாஹா என்று பல அத்தியாயங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறான். என்றோ செத்துப்போன ஒரு கூட்டத்தின் குற்றத்தை இத்தனை முறை நமக்கு ஏன் சொல்ல வேண்டும்? சிந்தித்தீர்களா?

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். முதலாவது: இந்த உரை யூதர்களைத் திட்டுவதற்காக அல்ல. மூஸாவின் சமுதாயத்திலேயே சத்தியத்தைக் கொண்டு வழிகாட்டிய ஒரு கூட்டம் இருந்தது என்று குர்ஆனே சான்று பகர்கிறது (7:159). ஃபலஸ்தீன மண்ணில் நடக்கும் அநீதியை எதிர்ப்பது நம் கடமை. அது வேறு விஷயம். இரண்டாவது: இது நம் அண்டை வீட்டுப் பிறமதச் சகோதரர்களின் வழிபாட்டைப் பற்றிய பேச்சும் அல்ல. அவர்கள் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்பது அல்லாஹ் நமக்கு இட்ட கட்டளை (6:108). காளைக்கன்றை மூஸா (அலை) அவர்கள் எரித்தார்கள் என்றால், அது தன்னிடம் உடன்படிக்கை செய்த தன் சொந்தச் சமுதாயம் செய்த கன்று. ஆகவே இன்று நாம் கை வைக்க வேண்டியது நம்முடைய கன்றுகளின் மீதுதான்.

கால் ஈரம் காயும் முன்பே...

சகோதரர்களே! ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து தப்பி வந்த பனூ இஸ்ராயீல்கள் கடலைக் கடந்தார்கள். கண்ணெதிரே கடல் பிளந்தது. கண்ணெதிரே கொடுங்கோலன் மூழ்கினான். இதைவிடப் பெரிய அத்தாட்சியை எந்தக் கூட்டம் பார்த்திருக்கும்? ஆனால் கரையேறிப் போகும் வழியில் சிலைகளைச் சுற்றி அமர்ந்திருந்த ஒரு கூட்டத்தைக் கண்டதும் என்ன கேட்டார்கள் தெரியுமா? இவர்களுக்குக் கடவுள்கள் இருப்பதைப் போல எங்களுக்கும் ஒரு கடவுளைச் செய்து தாருங்கள் என்று மூஸாவிடமே கேட்டார்கள் (7:138). காலில் ஒட்டிய கடல் ஈரம்கூடக் காய்ந்திருக்காது!

ஏன் இப்படி? அடிமைத்தளை உடம்பிலிருந்து கழன்றது, உள்ளத்திலிருந்து கழலவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த எகிப்து, மாட்டைப் புனிதமாகப் போற்றிய நாடு. மெம்ஃபிஸ் நகரில் ஏபிஸ் என்ற பெயரில் உயிருள்ள ஒரு காளையை வைத்து வழிபட்டார்கள். அது செத்தால் மன்னர்களைப் போல அதற்கும் மருந்திட்டு, துணி சுற்றிப் புதைத்தார்கள். ஸக்காரா பாலைவனத்தின் அடியில் அந்தக் காளைகளின் சுரங்கக் கல்லறைகளை 1851ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் மரியத் கண்டறிந்தார். அவர்கள் போய்ச் சேரவிருந்த கன்ஆன் நாட்டின் நிலையும் இதேதான். அங்கே அஸ்கலான் துறைமுக நகரில் 1990ஆம் ஆண்டு அகழ்வாய்வு நடந்தபோது, ஒரு சிறிய மண் கூண்டுக்குள் வெள்ளித் தகடு போர்த்திய வெண்கலக் கன்று ஒன்று கிடைத்தது. உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். வயது சுமார் 3,500 ஆண்டுகள்! உள்ளங்கையில் அடங்கும் கடவுள்!

ஆக, விட்டு வந்த ஊரிலும் மாடு. போகும் ஊரிலும் மாடு. நடுவில் நின்ற சமுதாயத்துக்குப் 'நாலு பேரைப் போல' இருக்க ஆசை வந்தது. இணைவைப்பு எப்போதும் இப்படித்தான் வரும். வாதத்தில் தோற்று யாரும் சிலையை நாடவில்லை. பழக்கத்தில் தோற்றார்கள், சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தோற்றார்கள்.

நாற்பதே இரவுகள்

மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் தூர் மலைக்கு அழைத்தான். முதலில் முப்பது இரவுகள். பிறகு பத்து சேர்த்து நாற்பது ஆக்கினான். போகும்போது தன் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைப் பொறுப்பாளராக நியமித்து, சீர்திருத்துங்கள், குழப்பக்காரர்களின் வழியில் போய்விடாதீர்கள் என்று சொல்லிச் சென்றார்கள் (7:142).

அந்த நாற்பது இரவுக்குள் ஸாமிரீ என்பவன் எழுந்தான். மக்களிடம் இருந்த நகைகளைக் கொண்டு ஒரு காளைக்கன்றின் உருவத்தை உண்டாக்கினான். அதிலிருந்து மாடு கத்துவதைப் போல ஒரு சத்தம் வந்தது. இதுதான் உங்கள் இறைவன், மூஸாவின் இறைவனும் இதுதான், அவர் மறந்துபோய் எங்கோ தேடிக்கொண்டிருக்கிறார் என்று பேச்சைக் கிளப்பினார்கள் (20:88).

இங்கே கவனியுங்கள்! மூஸாவை மறுத்துவிடுங்கள் என்று சொல்லப்படவில்லை. மூஸாவின் பெயராலேயே கன்று விற்கப்பட்டது. மார்க்கத்துக்கு வெளியிலிருந்து வரும் வழிகேட்டை எளிதில் அடையாளம் காணலாம். மார்க்கத்தின் பெயராலேயே வருகிறதே, அதுதான் ஊரையே அடித்துக்கொண்டு போகும்.

அந்தக் கன்றைப் பற்றி அல்லாஹ் இரண்டே கேள்விகள் கேட்கிறான். அது அவர்களுக்குப் பதில் சொன்னதா? அதற்கு அவர்களுக்கு நன்மையோ தீமையோ செய்யும் சக்தி இருந்ததா? (20:89) இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் இரண்டு தட்டுகளைப் போல அவை. எந்தக் காலத்துக் கன்றாக இருந்தாலும் அதில் வைத்து நிறுத்துப் பார்த்துவிடலாம்.

யாருடைய நகை அது?

வியாபாரச் சகோதரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கன்று எந்தப் பொருளால் ஆனது? மூஸா (அலை) கேட்டபோது மக்கள் சொன்ன பதிலைக் குர்ஆன் பதிவு செய்கிறது: அந்தக் கூட்டத்தாரின் நகைகள் எங்கள் மீது சுமையாக ஏற்றப்பட்டிருந்தன, அவற்றை எறிந்தோம் என்றார்கள் (20:87). அவை எகிப்தியருக்குச் சொந்தமான நகைகள் என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். அதாவது அது உழைத்துச் சேர்த்த தங்கம் அல்ல. தனக்கு உரிமையில்லை என்று மனசாட்சியை உறுத்திக்கொண்டிருந்த தங்கம். உரியவரிடம் சேராத பொருள் கையில் பாரமாக இருந்தது. அந்தப் பாரம் கடைசியில் கன்றாக எழுந்து நின்றது!

நம் பீரோவில், நம் கல்லாவில் இப்படிப்பட்ட தங்கம் இல்லையா? சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல், 'கல்யாணத்துக்குத்தான் சீர் செய்துவிட்டோமே' என்று அமுக்கி வைத்திருக்கிறோமே, அது யாருடைய நகை? கூட்டு வியாபாரத்தில் பங்காளிக்குக் காட்டாத கணக்கு யாருடைய நகை? மணமகன் மஹர் கொடுத்துப் பெண்ணை மணக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை (4:4). நாமோ இத்தனை பவுன் என்று பேசி முடித்து, பெண்ணின் தகப்பனை அடகுக் கடைப் படியேற வைக்கிறோம். மேடையில் ஆலிம் குத்பா ஓதுகிறார். உள் அறையில் தராசு ஓடுகிறது! உருக்கி வார்த்தால் நம் மஹல்லாவில் எத்தனை கன்றுகள் தேறும் என்று எண்ணிப் பாருங்கள்.

பொற்காசின் அடிமையும் வெள்ளிக்காசின் அடிமையும் நாசமாகட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் (அறிவிப்பவர்: அபூஹுரைரா (ரலி), நூல்: புகாரி). அந்த நபிமொழி காசு வைத்திருப்பவனைச் சபிக்கவில்லை. காசுக்கு அடிமையானவனைத்தான் சபிக்கிறது. வியாபாரம் ஹலால். நபித்தோழர்களில் பெரும் வணிகர்கள் இருந்தார்கள். காசு உங்கள் கையில் இருக்கிறதா, அல்லது நீங்கள் காசின் கையில் இருக்கிறீர்களா என்பதே கேள்வி. கன்றின் மீதுள்ள மோகம் அவர்களின் உள்ளங்களில் புகட்டப்பட்டுவிட்டது என்று அல்லாஹ் சொல்கிறான் (2:93). தண்ணீரைக் குடித்தால் அது இரத்தத்தோடு கலந்துவிடுகிறது. பிறகு பிரித்தெடுக்க முடியுமா? கண்ணெதிரே கன்று எரிக்கப்பட்டாலும், உள்ளே போனது அவ்வளவு எளிதில் எரியாது.

மழை தரும் கடவுள்

ஸினாயோடு கதை முடியவில்லை. கன்ஆனில் குடியேறிய பின், பஅல் என்ற பொய்த் தெய்வம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்துக்கு அருகே 1928இல் ஓர் உழவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் தட்டியது. அடுத்த ஆண்டு தொடங்கிய அகழ்வாய்வில் உகாரித் என்ற பண்டைய நகரமே வெளிப்பட்டது. அங்கே கிடைத்த களிமண் ஏடுகளில் பஅல் யார் என்று தெளிவாக இருக்கிறது: இடிக்கும் புயலுக்கும் மழைக்கும் உரிய தெய்வமாக அவனை நம்பினார்கள்.

இப்போது புரிகிறதா? மழை வந்தால் விளைச்சல். விளைச்சல் வந்தால் வியாபாரம். கடல் பிளந்த இறைவனை நம்பியவர்களுக்கு, மழைக்கு மட்டும் வேறொருவன் தேவைப்பட்டான்! படைப்பாளர்களில் மிகச் சிறந்தவனை விட்டுவிட்டு பஅலையா அழைக்கிறீர்கள் என்று இல்யாஸ் (அலை) அவர்கள் தம் மக்களிடம் கேட்டார்கள் (37:125). வயிற்றுக்கும் வருமானத்துக்கும் பயந்துதான் அவர்கள் இணைவைத்தார்கள்.

நம் கடைத்தெருவுக்கு வாருங்கள். கடை வாசலில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. கடைக்காரர் ஐந்து வேளை தொழுபவர்! கல்லாப் பெட்டிக்குள் தாயத்து. ராகு காலம் முடிந்த பிறகுதான் புதுக்கடைத் திறப்பு. தாயத்தைத் தொங்கவிட்டவர் இணைவைத்துவிட்டார் என்பது நபிமொழி (அறிவிப்பவர்: உக்பா பின் ஆமிர் (ரலி), நூல்: அஹ்மத்). ரிஸ்க் தருபவன் அல்லாஹ் என்று நாவு சொல்கிறது. மிளகாய் தருகிறது என்று வாசல் சொல்கிறது. அந்த எலுமிச்சை பதில் சொல்லுமா? அதற்கு நன்மை தீமை செய்ய முடியுமா? அந்த இரண்டு கேள்விகளை அதனிடமும் கேளுங்கள்.

மிகப் பெரிய சோதனை தர்காக்களில் இருக்கிறது. இறைநேசர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நமக்குப் பாடம். ஆனால் மண்ணறையில் இருப்பவரிடம் பிள்ளை கேட்பதும், நோய் தீர்க்கச் சொல்வதும், நேர்ச்சை செய்வதும் எந்த வகையில் சேரும்? நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயின்போதும் எச்சரித்தது எதைப் பற்றி? தங்கள் நபிமார்களின் அடக்கத்தலங்களை வணக்கத்தலங்களாக ஆக்கிக்கொண்ட முன்னைய வேதக்காரர்களைப் பற்றியல்லவா! (அறிவிப்பவர்: ஆயிஷா (ரலி), நூல்: புகாரி) உயிர் பிரியும் வேளையிலும் நம்மைப் பற்றிய கவலையில் சொன்ன சொல் அது.

பைபிளில் இதற்குப் பொருத்தமான ஒரு செய்தி இருக்கிறது. பாம்புக் கடியிலிருந்து மக்கள் பிழைப்பதற்காக மூஸா (அலை) ஒரு வெண்கலப் பாம்பைச் செய்தார் என்று அதன் எண்ணாகமம் கூறுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து மக்கள் அந்தப் பாம்புக்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா மன்னர் அதை உடைத்துப் போட்டார் என்று இரண்டாம் இராஜாக்கள் நூல் சொல்கிறது. பைபிளின் வரலாற்றை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நபியின் நினைவுப் பொருள்கூட வணக்கப் பொருளாக மாறிவிடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

'நீங்களும் கல்லைத்தானே முத்தமிடுகிறீர்கள்?' என்று கடைக்கு வரும் பிறமத நண்பர் கேட்பார். கோபப்படாதீர்கள், நியாயமான கேள்விதான். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டபோது உமர் (ரலி) அவர்கள் அந்தக் கல்லைப் பார்த்தே பதில் சொல்லிவிட்டார்கள்: நீ ஒரு கல் என்பது எனக்குத் தெரியும், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபியவர்கள் முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்ற கருத்தில் பேசினார்கள் (நூல்: புகாரி). அதே இரண்டு கேள்விகளின் தராசு! கஅபாவின் கல்லையே அதில் நிறுத்துக் காட்டிய மார்க்கம் இது. நம் வீட்டுத் தாயத்துக்கு விலக்கு உண்டா?

எல்லையில் இரண்டு கன்றுகள்

இனி அரசியலுக்கு வருவோம். சுலைமான் (அலை) அவர்களின் மறைவுக்குப் பின், கி.மு. 930 வாக்கில் நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கே யெரொபெயாம் என்பவன் அரசனானான். அவனுக்கு ஒரு பயம். மக்கள் வணக்கத்துக்காக ஜெருசலத்துக்கு, அதாவது எதிரி நாட்டுத் தலைநகருக்குப் போய்க்கொண்டே இருந்தால், ஒருநாள் அவர்களின் மனமும் அங்கேயே போய்விடுமே! அதனால் என்ன செய்தான்? இரண்டு பொற்கன்றுகளைச் செய்து, நாட்டின் தெற்கு எல்லையில் பெத்தேலில் ஒன்றும், வடக்கு எல்லையில் தாணில் ஒன்றும் வைத்தான். ஜெருசலம் வரை போவது உங்களுக்குச் சிரமம் என்று மக்களிடம் கரிசனமாகப் பேசினான். இது முதலாம் இராஜாக்கள் நூலின் 12ஆம் அத்தியாயத்தில் உள்ள செய்தி.

ஸாமிரீயின் கன்று மக்களின் ஆசையில் பிறந்தது. யெரொபெயாமின் கன்று ஆட்சியாளனின் பயத்தில் பிறந்தது. 'என் கூட்டம் குறைந்துவிடக்கூடாது' என்ற பயம்! சகோதரர்களே, நம் சமுதாயத்து அமைப்புகளுக்கு இந்தப் பயம் இல்லையா? அந்தப் பள்ளியில் தொழாதே, அந்த இமாமுக்குப் பின்னால் நிற்காதே, அவர்கள் கூட்டத்துக்குப் போகாதே என்று சொல்லும்போது, எல்லையில் நாம் ஒரு கன்றை நிறுத்துகிறோமா இல்லையா? நம் இயக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொடி ஓர் அடையாளம், அவ்வளவுதான். தலைவர் ஓர் ஊழியர், அவ்வளவுதான். மர்யமின் மகனைக் கிறிஸ்தவர்கள் அளவுமீறிப் புகழ்ந்ததைப் போல என்னைப் புகழாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்களே தடுத்திருக்கும்போது (அறிவிப்பவர்: உமர் (ரலி), நூல்: புகாரி), அவர்களின் கால் தூசுக்கு ஈடாகாத நமக்கு எதற்கு ஆளுயர கட்-அவுட்? நடிகரின் கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையும் நிற்கிறான் என்றால், வீட்டில் அவனுக்கு எதைக் காட்டி வளர்த்தோம்?

மனிதனைத் தெய்வமாக்குவது என்றால் காலில் விழுவது மட்டும்தானா? இல்லை. வேதக்காரர்கள் தங்கள் அறிஞர்களைக் கடவுள்களாக ஆக்கிக்கொண்டார்கள் என்ற வசனத்தை (9:31) கேட்டபோது, முன்பு கிறிஸ்தவராக இருந்த அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்களின் விஷயத்தில் நபியவர்கள் தந்த விளக்கம் திர்மிதியில் இடம்பெறுகிறது. அறிஞர்கள் ஹலால் என்றதை ஹலால் என்றும், ஹராம் என்றதை ஹராம் என்றும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றதுதான் அந்த வணக்கம் என்பது அதன் கருத்து. தலைவர் சொன்னால் வட்டியும் கூடும் என்கிற இளைஞனே, உன்னையும்தான் அது சுட்டுகிறது.

பஅல் வழிபாட்டோடு சேர்ந்தே வந்த இன்னொரு பாவத்தையும் பைபிள் சொல்கிறது. பஅலை வணங்கிய ஆகாப் அரசனுக்கு, அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்தின் மீது ஆசை. முன்னோர் விட்டுச்சென்ற சொத்தை விற்க மாட்டேன் என்றான் நாபோத். அரசி யேசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்து, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். தோட்டம் அரசன் கைக்கு வந்தது. அல்லாஹ்வின் இடத்தில் வேறொன்றை வைத்தவனுக்கு அடுத்தவன் நிலத்தை எடுப்பது பெரிதாகத் தெரியாது.

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வக்ஃபு திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினோம். நியாயமான போராட்டம்தான். ஆனால் வக்ஃபு சொத்தை நம்மவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்? 2006இல் நாட்டில் பதிவான வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சத்துக்கும் மேல் இருந்தன. அவற்றின் ஆண்டு வருமானம் வெறும் 163 கோடி ரூபாய் என்று சச்சார் குழு 2006இல் சொன்னது. ஒழுங்காக நிர்வகித்தால் 12,000 கோடி வரலாம் என்றும் அதே குழு கணக்கிட்டது. நடுவில் உள்ள அந்தத் தொகை எங்கே போயிற்று? பக்கத்துக் கடை வாடகை பல ஆயிரமாக இருக்க, பள்ளிவாசல் கடைக்கு மட்டும் வாப்பா காலத்து வாடகையைக் கொடுத்துவிட்டு, உள்வாடகைக்கும் விடுகிறார்களே, அவர்கள் யார்? நாபோத்தின் தோட்டம் கடைத்தெருவிலும் இருக்கிறது. அனாதைக்கும் ஏழைக்கும் போக வேண்டிய காசு அது.

ஹாரூனின் இக்கட்டு

இனி நான் சொல்லப்போவது முக்கியமாக இளைஞர்களுக்கு. கன்றை மக்கள் வணங்கியபோது ஹாரூன் (அலை) என்ன செய்தார்கள்? அந்தக் கன்றைச் செய்ததே ஹாரூன்தான் என்கிறது பைபிளின் யாத்திராகமம். குர்ஆன் அந்தப் பழியைத் துடைக்கிறது. என் மக்களே, இதைக் கொண்டு நீங்கள் சோதிக்கப்படுகிறீர்கள், உங்கள் இறைவன் அளவற்ற அருளாளன், என்னைப் பின்பற்றுங்கள் என்று அவர்கள் முன்பே எச்சரித்துவிட்டார்கள் (20:90). மூஸா வரும்வரை விடமாட்டோம் என்றது கூட்டம். அவரைப் பலவீனராகக் கருதிக் கொலை செய்யவும் துணிந்தது (7:150).

மூஸா (அலை) திரும்பி வந்தார்கள். கோபமும் துக்கமும் பொங்க, பலகைகளைப் போட்டுவிட்டுச் சகோதரரின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். 'என் தாயின் மகனே' என்று தொடங்குகிறார் ஹாரூன். சமுதாயத்தைப் பிரித்துவிட்டாய் என்று நீங்கள் சொல்வீர்களோ என்று அஞ்சினேன் என்கிறார் (20:94).

இந்த இடத்தை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். நம் ஊர்களில் பல ஆண்டுகளாக எரியும் பிரச்சினை இதுதான். தர்காவைப் பற்றிப் பேசினால் 'ஜமாஅத்தைப் பிளக்கிறான்' என்கிறார்கள். ஊர்நீக்கம் செய்கிறார்கள், திருமணப் பதிவேட்டைத் தர மறுக்கிறார்கள், மையவாடியில் இடமில்லை என்று ஜனாஸாவைக் காக்க வைத்ததும் உண்டு. இன்னொரு பக்கம், நான்கு வசனம் தெரிந்த இளைஞன் பெற்ற தாயையே முஷ்ரிக் என்கிறான்.

ஹாரூனிடம் இரண்டு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. ஒற்றுமை என்ற பெயரில் அவர் உண்மையை மறைக்கவில்லை, எச்சரித்தார். உண்மை என்ற பெயரில் சமுதாயத்தை வெட்டிப் போடவும் இல்லை, பொறுத்தார். மூஸாவின் கோபம் அல்லாஹ்வுக்கான கோபம். ஆனால் உண்மை தெரிந்த மறுகணமே தனக்கும் தன் சகோதரருக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்கள் (7:151). கோபம் தணிந்ததும் போட்ட பலகைகளைத் திரும்ப எடுத்தார்கள் (7:154). நாமோ கோபம் தணிந்த பிறகும் பலகையைக் கையில் எடுப்பதில்லை!

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன். ஒரு பயான் கேட்டுவிட்டு இரவோடு இரவாக வீட்டுக்குப் போய், நன்னிமா முப்பது வருடமாக மாட்டி வைத்திருந்த தர்கா படத்தைக் கழற்றி உடைத்துவிட்டான். அந்தக் கிழவி மாதக் கணக்கில் அவனோடு பேசவில்லை. அவன் என்னிடம் வந்து, 'சத்தியத்தைச் சொன்னால் சொந்தம் போய்விடுகிறது' என்றான். 'சொன்னாயா, உடைத்தாயா?' என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு ஒரு ரமளானில் தினமும் நன்னிமாவின் கட்டிலருகே உட்கார்ந்து, தாஹா அத்தியாயத்தின் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினான். கன்றின் கதை முடிந்த அன்று அவர் கேட்டாராம்: 'இதை முதல்லயே உட்கார்ந்து சொல்லியிருக்கலாமேப்பா?' படத்தை மறுபடி மாட்டும்படி அவர் கேட்கவில்லை. உடைத்து சாதிக்க முடியாததை உட்கார்ந்து சாதிக்கலாம். சுவரிலிருந்து படத்தைக் கழற்றக் கை போதும். நெஞ்சிலிருந்து கழற்றச் சொல் வேண்டும், அதுவும் மென்மையான சொல். ஃபிர்அவ்னிடம் போகும்போதே மென்மையாகப் பேசச் சொன்னவன் அல்லாஹ் (20:44). நன்னிமா ஃபிர்அவ்னைவிடக் கெட்டவரா?

சாண் சாணாக, முழம் முழமாக

'இதெல்லாம் யூதர்கள் செய்தது, நமக்கென்ன?' என்று நினைக்காதீர்கள். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்குப் போகும் வழி. இணைவைப்பாளர்கள் தங்கள் ஆயுதங்களைத் தொங்கவிட்டுப் புனிதமாகக் கருதிய 'தாத்து அன்வாத்' என்ற மரம் ஒன்று இருந்தது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர், எங்களுக்கும் அப்படி ஒரு மரத்தை ஏற்படுத்தித் தாருங்கள் என்றார்கள். நபியவர்கள் திடுக்கிட்டு, மூஸாவின் கூட்டம் மூஸாவிடம் கேட்டதைப் போலவே கேட்டுவிட்டீர்களே என்றார்கள் (அறிவிப்பவர்: அபூவாக்கித் அல்லைஸீ (ரலி), நூல்: திர்மிதி). கடற்கரையில் எழுந்த அதே கேள்வி, நம் நபியின் முன்னிலையிலேயே எழுந்தது! உங்களுக்கு முன்னிருந்தோரைச் சாண் சாணாக, முழம் முழமாகப் பின்பற்றுவீர்கள், அவர்கள் உடும்புப் பொந்துக்குள் நுழைந்திருந்தால் நீங்களும் நுழைவீர்கள் என்று எச்சரித்ததும் அந்த நபிதான் (அறிவிப்பவர்: அபூஸயீத் அல்குத்ரீ (ரலி), நூல்: புகாரி). அல்லாஹ் ஏன் திரும்பத் திரும்பச் சொன்னான் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

கடைசியில் அந்தக் கன்று என்ன ஆனது? மூஸா (அலை) அதை எரித்துக் கடலில் தூவினார்கள் (20:97). தங்கமாயிற்றே, உருக்கி மக்களுக்குப் பங்கு வைக்கலாமே என்று நினைக்கவில்லை. விலை பார்க்காமல் விட்டார்கள். நாம் விட முடியாமல் தவிப்பதற்குக் காரணமே விலை பார்ப்பதுதான்.

ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வியாபாரியே, உங்கள் கல்லாவைத் திறந்து பாருங்கள்: தாயத்து இருந்தால் எடுத்துவிடுங்கள், அடுத்தவர் பங்கு இருந்தால் காலையில் கடை திறக்கும் முன் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். பள்ளிவாசல் கடையில் இருப்பவரே, நியாயமான வாடகையை நீங்களே போய்ச் சொல்லுங்கள். இளைஞனே, ஒரு பவுன்கூட வேண்டாம் என்று உன் தாயிடம் நீயே சொல். சொல்லும்போது குரலை உயர்த்தாதே. எங்களைப் போன்ற அமைப்புக்காரர்கள், அடுத்த அமைப்பின் சகோதரருக்குப் பின்னால் நாளை ஒரு வேளையாவது தொழுவோம்.

இறைவா! எங்கள் உள்ளங்களில் ஊறிப்போன கன்றின் மோகத்தை அகற்றுவாயாக! மூஸாவின் உறுதியையும் ஹாரூனின் பொறுமையையும் எங்களுக்கு ஒருசேரத் தருவாயாக! உன்னை மட்டுமே வணங்கி, உன்னிடம் மட்டுமே உதவி தேடும் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.